ராணி கொடுத்த காடு, சாமி வைத்திருந்த காடு

காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். 'எண்ணிக்கிட்டே வாங்க சார், வயிறு புரட்டறது தெரியாது' என்றார் டிரைவர். நம்பி எண்ணினேன். 40-க்கு மேல் கணக்கு மறந்துவிட்டது. வயிறு மட்டும் ஞாபகம் இருந்தது. வேனின் பின்பக்கம் எங்களோடு சேர்ந்து குலுங்கிக்கொண்டு வந்தவை 50 மரக்கன்றுகள். வேம்பு, புங்கன், அழகுக்குக் கொஞ்சம் குல்மோஹர்.

நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து போட்ட திட்டம் அது. கொல்லிமலையில் ஊர் ஜனங்களே காப்பாற்றி வைத்திருக்கும் கோயில் காடுகள் இருக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் பார்த்துவிட்டு, கையோடு ஏதாவது சேவையும் செய்துவிட்டு வரலாம். சேவை என்றால் நம்மைப் போன்ற நகரவாசிகளுக்குத் தெரிந்தது ஒன்றுதானே! குழி தோண்டு, கன்றை நடு, பக்கத்தில் நின்று போட்டோ எடு.

நாங்கள் போனது அரியூர் நாடு. 'நாடு' என்றதும் பாஸ்போர்ட்டைத் தேடாதீர்கள். கொல்லிமலை மேலே வாழும் மலையாளி பழங்குடி மக்கள் தங்கள் மலையை இப்படித்தான் நாடு நாடாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, சேலூர் நாடு, குண்டூர் நாடு... இன்றைக்கு இப்படி 14 ஊராட்சிகள். (மலையாளி என்றால் கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். மலையை ஆள்பவர்கள் என்று பொருள். பேசுவது நம் தமிழ்தான். காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்று மூன்று சகோதரர்கள் கிளம்பி வந்ததாகச் சொல்கிறது அவர்களுடைய பூர்வகதை.)

ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்தார். எழுபது வயதிருக்கும். வேனுக்குள் எட்டிப் பார்த்தார்.

"இதெல்லாம் எதுக்குங்க தம்பி?"

"கோயில் காட்டுல நடலாம்னுதாங்க ஐயா..."

பெரியவர் சிரிக்கவில்லை. அதுதான் அவருடைய பெருந்தன்மை. "வேம்பு கீழ்நாட்டு மரம். இந்தக் குளிருக்கு அது சந்தோஷமா வளராது. இந்தச் செவப்புப் பூ மரம் யாரோட ஊரு மரம்னே எனக்குத் தெரியாது. அதுவுமில்லாம காட்டுக்குள்ள நாம எதுக்கு நடணும்? வெட்டாம விட்டாலே அது பாட்டுக்கு வளருதே!"

பிறகு செருப்பை வெளியே கழற்றச் சொல்லி எங்களை உள்ளே கூட்டிப்போனார். பத்தடி தாண்டியதும் வெயில் காணாமல் போய்விட்டது. காலுக்கடியில் மெத்தை மாதிரி சருகு. நாவல், பலா, காட்டு மா. மரத்தைக் கட்டிக்கொண்டு ஏறும் மிளகுக் கொடி. சாய்ந்து கிடந்த ஒரு பெரிய மரத்தை யாரும் தொடவில்லை. விறகுக்குக்கூட எடுக்கக் கூடாதாம். நடுவே கூரையில்லாமல் நாலைந்து கல், ஒரு வேல். அவ்வளவுதான் கோயில்.

"இந்தக் காடு யாருக்குச் சொந்தம் ஐயா?" என்று கேட்டேன். பி.காம். படித்தவன் வேறு என்ன கேட்பான்? சொத்து என்று ஒன்று இருந்தால் பேரேட்டில் யார் பெயரிலாவது இருந்தாக வேண்டுமே!

"யாருக்கும் சொந்தமில்லைன்னாலும் வெட்டிருவாங்க. எல்லாருக்கும் சொந்தம்னாலும் வெட்டிருவாங்க. அதான் எங்க பெரியவங்க சாமிக்குன்னு விட்டுட்டாங்க."

இந்த ஒரு பதிலுக்குப் பின்னால் ஒரு பெரிய சரித்திரச் சண்டை இருக்கிறது. அதைப் பார்க்க நாம் கொஞ்ச நேரம் லண்டன்வரை போய்வர வேண்டும்.

* * *

லண்டனுக்கு வடகிழக்கே எப்பிங் காடு என்று ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் ராஜாக்கள் மான் வேட்டையாடிய இடம். ஆனால் சுற்றியிருந்த கிராமத்து ஏழைகளுக்கும் அங்கே சில உரிமைகள் இருந்தன. மாடு மேய்க்கலாம். குளிர்காலத்தில் மரத்தின் கிளைகளைக் கழித்து விறகுக்கு எடுத்துப் போகலாம். லௌட்டன் என்கிற ஊரில் நவம்பர் 11-ம் தேதி நள்ளிரவில் முதல் கிளையை வெட்டித் தங்கள் உரிமையை நிலைநாட்டுவது வழக்கம்.

19-ம் நூற்றாண்டில் லண்டன் வீங்க ஆரம்பித்தது. நிலத்தின் விலை ஏறியது. விலை ஏறினால் வேலி வரும். இது எந்த ஊரிலும் மாறாத விதி! பக்கத்திலிருந்த ஹைனால்ட் காட்டை 1851-ல் ஒரு சட்டம் போட்டுக் காடு என்கிற அந்தஸ்தையே நீக்கினார்கள். மரங்களையெல்லாம் வெட்டி வயலாக்கிவிட்டார்கள். அடுத்தது எப்பிங். லௌட்டனின் நிலப்பிரபு (அவர் ஒரு பாதிரியாரும்கூட!) ஆயிரம் ஏக்கருக்கு மேல் வளைத்து வேலி போட்டார்.

தாமஸ் வில்லிங்கேல் என்கிற விறகுவெட்டிக் கிழவர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. அவருடைய குடும்பத்தார் வழக்கம்போலக் கிளை வெட்டப் போனார்கள். 1866-ல் அவர்களில் சிலர் ஜெயிலுக்குப் போனார்கள். விஷயம் பெரிதாகிவிட்டது. பொதுநிலங்களைக் காப்பதற்காக 1865-ல் லண்டனில் தொடங்கப்பட்டிருந்த ஒரு சங்கம் கிழவருக்குப் பின்னால் வந்து நின்றது. 1870-ல் வில்லிங்கேல் இறந்துபோனார். ஆனால் சண்டை சாகவில்லை. லண்டன் மாநகராட்சியே நிலப்பிரபுக்கள்மீது வழக்குத் தொடுத்து, 1874-ல் ஜெயித்தது. 1878-ல் எப்பிங் காட்டுச் சட்டம் வந்தது. வேலிகள் விழுந்தன. காடு பொதுவானது.

1882 மே 6. விக்டோரியா மகாராணியே நேரில் வந்தார். இந்த அழகிய காடு இனி என்றென்றைக்கும் என் மக்கள் அனுபவிப்பதற்கே என்று அறிவித்தார். ஆரவாரம் விண்ணைப் பிளந்தது.

அந்த வருஷத்தைக் கொஞ்சம் மனசில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். 1882.

* * *

இப்போது சென்னை ராஜதானிக்கு வருவோம்.

1856-ல் ராயபுரத்திலிருந்து முதல் ரயில் கிளம்பியது. அதே 1856-ல் சென்னை அரசு ஹியூ கிளெக்ஹார்ன் என்கிற டாக்டரை வனப் பாதுகாவலராக நியமித்தது. தற்செயல் போலத் தெரியும். ஆனால் தண்டவாளத்துக்கு அடியில் போட மரக்கட்டை வேண்டும், எஞ்சினுக்கு எரிக்க விறகு வேண்டும். காடு திடீரென்று வரவு செலவுக் கணக்கில் ஏறிவிட்டது.

காட்டை அரசாங்கம் எடுத்துக்கொள்வது என்று முடிவான பிறகு ஒரு தர்மசங்கடம் வந்தது. ஏற்கெனவே அது யாருடையது?

இந்த இடத்தில் நம் சரித்திரப் புத்தகங்கள் அதிகம் பேசாத ஓர் ஆச்சரியம் நடந்தது. எதிர்த்துப் பேசியது ஏதோ புரட்சிக்காரர் அல்ல, சென்னையின் வருவாய் வாரியம்! வெள்ளைக்கார அதிகாரிகள் உட்கார்ந்து வரி வசூலைக் கண்காணித்த அதே வாரியம். 1871-ல் அது எழுதி வைத்ததன் சாரம் இதுதான்: 'இந்த ராஜதானியில் ஏதாவது ஒரு கிராமத்தின் எல்லைக்குள் வராத காடு என்பதே அபூர்வம். அரசாங்கம் இதுவரை தன் சொத்து என்று சொல்லிக்கொண்ட காடும் கிடையாது. மேய்ச்சலும் விறகும் ஜனங்களின் உரிமை. அதைப் பிடுங்கினால் வம்பு.'

1878-ல் இந்திய வனச் சட்டம் வந்தபோது சென்னை அரசு அதை ஏற்கத் தயங்கியது. (லண்டனில் எப்பிங் சட்டம் வந்ததும் அதே 1878 என்பதைக் கவனித்தீர்களா?) டெல்லி அப்போது தலைநகரமில்லை, கல்கத்தாதான். கல்கத்தா விடவில்லை. இந்தியாவின் முதல் தலைமை வன அதிகாரியான பிராண்டிஸ் என்கிற ஜெர்மானியர் சென்னைக்கு வந்தார். கடைசியில் சென்னை ராஜதானி தனக்கென்று ஒரு சட்டம் போட்டது.

சென்னை வனச் சட்டம், 1882.

ஆமாம், அதே வருஷம். ஒரே மகாராணி. தேம்ஸ் நதிப் பக்கம் வேலியைப் பிடுங்கி ஜனங்களிடம் காட்டைக் கொடுத்த அதே ஆண்டில், காவிரிப் பக்கம் காட்டைச் சுற்றி எல்லைக்கல் நட வழி செய்யப்பட்டது. இனி அரசாங்கம் ஒரு நிலத்தைக் 'காப்புக்காடு' ஆக்கப்போவதாக அறிவிப்பு வெளியிடும். உரிமை உள்ளவர்கள் குறிப்பிட்ட கெடுவுக்குள் வந்து அதிகாரியிடம் நிரூபிக்க வேண்டும். வராவிட்டால் உரிமை காலி. எழுதப் படிக்கத் தெரியாத மலைவாசி கெஜட்டைப் பார்த்து மனுப் போடுவான் என்று எதிர்பார்த்த சட்டம்!

பிராண்டிஸைப் பற்றி நியாயமாக ஒன்று சொல்லிவிட வேண்டும். கிராமத்துக்கென்று தனியாகக் காடுகள் இருக்க வேண்டும் என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். 1883-ல் சென்னைக்கு அவர் கொடுத்த அறிக்கையிலும் சொன்னார். அந்த யோசனை எடுபடவில்லை.

ஆனால் வருவாய் வாரியம் சொன்ன 'வம்பு' வராமல் இல்லை. அன்று சென்னை ராஜதானியில் இருந்த பல்நாட்டில் 1921-ல் ஜனங்கள் கட்டணம் கட்டாமலேயே காட்டுக்குள் மாடுகளை ஓட்டினார்கள். அதற்கும் முன்பே, 1912-13-ல் அமைந்த வனக் குழுவின் பேச்சைக் கேட்டு, சில காடுகளைக் கிராமப் பஞ்சாயத்துகளின் பொறுப்பில் விட்டுப் பார்த்தது அரசு. 'மக்கள் பங்கேற்புடன் வனப் பாதுகாப்பு' என்று 1990-களில் நாம் புதிதாகக் கண்டுபிடித்ததாக நினைத்த சங்கதி நூறு வருஷத்துப் பழசு!

* * *

இந்தக் களேபரத்தில் கோயில் காடு எப்படித் தப்பித்தது?

கொல்லிமலையிலும் காப்புக்காடுகள் வந்தன. அரியூர் சோலை என்றே ஒரு காப்புக்காடு உண்டு. ஆனால் ஊருக்குள்ளும் வயலுக்கு நடுவிலும் சின்னச் சின்னத் துண்டுகளாகக் கிடந்த சாமி காடுகளை ஊர்தான் தொடர்ந்து பார்த்துக்கொண்டது. சம்பளம் இல்லாத ஒரு காவல்காரர் அங்கே இருந்தார். பெயர் பெரியசாமி, கருப்பு, கன்னிமார் என்று இடத்துக்கு இடம் மாறும். அருவாளோடு உள்ளே போனால் கண் போகும், கை போகும் என்று பயம். ஊர்க்கவுண்டரும் பட்டக்காரரும் சேர்ந்து போடும் தண்டத்துக்கும் பயம்.

பயத்தை நான் ரொம்பக் கொண்டாடவில்லை. மரத்தைப் பயத்தால் காப்பதில் நம் ஊருக்குப் பழைய அனுபவம் உண்டு. சங்க காலத்தில் நன்னன் என்றொரு மன்னன். அவனுடைய காவல் மரம் ஒரு மா. அதிலிருந்து ஆற்றில் விழுந்து மிதந்து வந்த ஒரு காயை, விஷயம் தெரியாமல் எடுத்துத் தின்ற பெண்ணைக் கொன்றுவிட்டான். அவளுடைய எடைக்குப் பொன்னால் செய்த பாவை தருகிறோம் என்று உறவினர்கள் கெஞ்சியும் கேட்கவில்லை. பெண் கொலை செய்த நன்னன் என்று இரண்டாயிரம் வருஷமாகத் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறான். இன்றைக்கும் சில கோயில் காடுகளுக்குள் பெண்கள் போக முடியாது. அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பயம் என்பது கரையும் சரக்கு. ரோடு வந்தது. பள்ளிக்கூடம் வந்தது. இரண்டும் வரத்தான் வேண்டும். கூடவே சேகோ ஆலைகளுக்குப் போகும் மரவள்ளியும் வந்தது. சாமையும் தினையும் விளைந்த மேட்டில் கிழங்கு ஏறியது. காபியும் மிளகும் காசு கொடுத்தன. வருஷத்துக்கு ஒரு மண்வெட்டி அகலம் கோயில் காட்டின் ஓரத்தை உள்ளே தள்ளினால் யாருக்குத் தெரியும்? சில இடங்களில் பக்தியே எதிரியாகிவிட்டது. கல்லும் வேலும் போதும் என்றிருந்த சாமிக்கு கான்கிரீட் மண்டபம் கட்ட, அந்தச் சாமியின் மரங்களையே வெட்டினார்கள். சாமிக்குக் கூரை வந்தது, காடு போய்விட்டது.

சரி, பயம் போன இடத்தில் எதை வைப்பது?

சட்டம் ஒரு பதிலை வைத்திருக்கிறது. 2006-ன் வன உரிமைச் சட்டம், வழிவழியாகக் காத்துவந்த காட்டை நிர்வகிக்கும் உரிமை அந்தச் சமூகத்துக்கே உண்டு என்கிறது. 1871-ல் வருவாய் வாரியம் சொன்னதைச் சட்டமாக்க 135 வருஷம்! அதுவும் தமிழ்நாட்டில் 2008-ல் உயர்நீதிமன்றம் போட்ட உத்தரவால் பட்டா வழங்குவது தடைபட்டு, 2016-ல் உச்ச நீதிமன்றத்தில்தான் அந்த முடிச்சு அவிழ்ந்தது. இன்னொரு வழி, 2002-ன் பல்லுயிர்ச் சட்டம். அதன்படி 2025-ல் திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியில் உள்ள வீரகோயில் காட்டைப் 'பல்லுயிர் பாரம்பரியத் தலம்' என்று தமிழக அரசு அறிவித்தது. பரப்பு எவ்வளவு தெரியுமா? 4.97 ஹெக்டேர். பன்னிரண்டு ஏக்கர் சொச்சம். ஒரு ஊர் காத்த பன்னிரண்டு ஏக்கரை அரசாங்கம் அங்கீகரிக்கிறது என்பது சின்ன விஷயமில்லை.

* * *

மறுபடி எப்பிங் காட்டுக்கு ஒரு நிமிடம். கதையில் நான் ஒரு பாதியை மறைத்துவிட்டேன்.

காடு 'மக்களுக்கு'க் கிடைத்தது என்றேன் அல்லவா? எந்த மக்களுக்கு? 1878-ன் சட்டம் வேலியை நீக்கியது. கூடவே கிளை வெட்டும் உரிமையையும் நீக்கிவிட்டது! யாருடைய குடும்பம் ஜெயிலுக்குப் போனதோ, அந்த வில்லிங்கேல் வம்சத்துக்கு இனி விறகு கிடையாது. பதிலாக நஷ்டஈடு. அந்தப் பணத்தில் லௌட்டனில் 'லாப்பிங் ஹால்' என்று ஒரு மண்டபம் கட்டினார்கள். 'லாப்பிங்' என்றால் கிளை கழித்தல். உரிமை போய்ப் பெயர் மிஞ்சியது. காடு, ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி வந்து உலாவும் லண்டன்வாசிக்குப் போய்ச் சேர்ந்தது.

அதைவிடப் பெரிய வேடிக்கை பின்னால் வந்தது. நூற்றாண்டுக்கணக்கில் கிளை கழிக்கப்பட்ட மரங்கள், கழிப்பது நின்றதும் தலை கனத்து, கிளை முறிந்து, கீழே வெளிச்சமே விழாமல் திண்டாட ஆரம்பித்தன. இப்போது காட்டை நிர்வகிப்பவர்களே மறுபடி கிளை கழிக்கிறார்கள். காட்டின் பல வேலைகளுக்குத் தன்னார்வலர்களும் வருகிறார்கள். வில்லிங்கேல் செய்தால் திருட்டு. அதையே இன்று செய்தால் பாதுகாப்பு.

அதனால்தான் 50 கன்றுகளோடு மலையேறிய எங்களைப் பற்றி எனக்கே கூச்சமாக இருந்தது. தன்னார்வலர் என்கிற வார்த்தையைப் பிரித்துப் பாருங்கள். ஆர்வம் தன்னுடையதுதான். காடு? அது ஏற்கெனவே ஒரு ஊரின் கணக்கில் இருக்கிறது. திருவிழாவுக்கு முன்னால் ஒன்று கூடிப் பாதை செதுக்குகிறவர்கள், விழுந்த மரத்தை அடுப்புக்கு எடுக்காமல் ஒரு கட்டு விறகுக்காகத் தூரம் நடக்கிறவர்கள், இவர்களுக்கு யாரும் தன்னார்வலர் என்று டி-ஷர்ட் கொடுத்ததில்லை. நகரத்திலிருந்து நாம் அன்போடு போய், 'காட்டை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று ஆரம்பித்தால், நல்ல எண்ணத்தோடு இன்னொரு 1882-ஐச் செய்கிறோம்.

அதற்காகப் போகவே கூடாதா? தாராளமாகப் போங்கள். ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுவிட்டுப் போங்கள். செருப்பைக் கழற்றச் சொன்னால் கழற்றுங்கள். இதற்குமேல் வர வேண்டாம் என்றால் நில்லுங்கள். ஒரு இலையைக்கூடக் கிள்ளிக்கொண்டு வராதீர்கள். 'என்ன செய்யட்டும்?' என்று கேளுங்கள். கேட்ட பிறகு, சொன்னதைச் செய்யுங்கள். இறங்கும்போது சாமையோ தினையோ ரெண்டு கிலோ வாங்கிக்கொள்ளுங்கள். அந்த மேட்டில் தானியம் விலை போனால், காட்டு ஓரத்துக்குப் பசி கொஞ்சம் குறையும்.

நாங்களும் கேட்டோம். பெரியவர் யோசித்துவிட்டு இரண்டு வேலை கொடுத்தார். ஒன்று, காட்டு ஓரத்தில் மண்டியிருந்த உண்ணிச்செடியை வேரோடு பிடுங்குவது. அதுவும் வெள்ளைக்காரர்கள் காலத்தில் அழகுக்காகக் கொண்டுவந்த செடிதான், எங்கள் குல்மோஹரைப் போல. இன்னொன்று, ரோட்டிலிருந்து கோயில் காடு வரைக்கும் கிடந்த பாட்டில்களைப் பொறுக்குவது.

"இது எங்க ஊரு ஆளுங்க போட்டதில்ல தம்பி" என்றார். குத்திக்காட்டுகிற தொனி இல்லை. தகவல்தான் சொன்னார்.

சாயங்காலத்துக்குள் ஒன்பது கோணி நிறைந்தது. பிராந்தி பாட்டில், தண்ணீர் பாட்டில், சிப்ஸ் பாக்கெட். கைகளில் உண்ணி முள் கீறல். முதுகு நிமிரவில்லை. போட்டோ எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

கன்றுகளை வேனிலேயே கீழே கொண்டுவந்து, வேம்பையும் புங்கனையும் சேந்தமங்கலம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கொடுத்துவிட்டோம். அங்கே அவற்றுக்கு வெயில் உண்டு. கிளம்பும்போது பெரியவர் வேனின் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"நோம்பிக்கு முன்னாடி ஒரு நாளு பாதை செதுக்குவோம். சொல்லி அனுப்பறேன். வெறுங்கையோட வாங்க."